புதையலும் குடியேற்றமும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சரித்திரத்தில் விருப்பம் உண்டா என்று கேட்டால் நம் இளைஞர் பலர் தலையைச் சொறிவார்கள். புதையல் என்று சொல்லிப் பாருங்கள். கடைசி வாங்கில் சாய்ந்திருப்பவரும் நிமிர்ந்து உட்காருவார். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. குளக்கட்டின் கீழே பூதம் காக்கும் கொப்பரை இருக்கிறதென்று பாட்டனார் சொன்னதை நம்பி, அலவாங்கோடு போய் ஒரு புற்றைக் கிண்டி, பாம்பைக் கண்டு அலறி ஓடிவந்தவன் நான். சரித்திர ஆசை எனக்குத் தொடங்கியது அந்தப் புற்றடியில்தான்.

ஆனால் அந்த ஆசை புற்றடியிலேயே நின்றுவிட்டால் பெருங்கேடு. மை போட்டுப் பார்த்து, நாள் குறித்து, இரவோடிரவாகப் பழைய மேடுகளைக் கிண்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் சட்டம் இதைக் குற்றமென்கிறது. 2009க்குப் பின்னரோ, யுத்தகாலத்திற் புதைத்த தங்கம் என்று வேறொரு கதை கிளம்பிற்று. நீதிமன்ற அனுமதி பெற்று இயந்திரத்தாலே தோண்டியும் வெறுங்குழியோடு திரும்பிய செய்திகளைப் பத்திரிகைகளில் நீங்களே படித்திருப்பீர்கள்.

பொன் கிடைக்காமற் போவது நட்டமன்று. தோண்டும்போது அழிந்துபோவதுதான் நட்டம். ஓர் உடைந்த சட்டியோடு, தான் கிடந்த மண்படையிலே, பக்கத்திற் கிடந்த கரித்துண்டோடும் எலும்போடும் இருக்கும்வரைதான் பேசும். கரித்துண்டைக் கொண்டு காலத்தைக் கணிக்கிறார்கள். எலும்பைக் கொண்டு அவர்கள் தின்றதை அறிகிறார்கள். மண்படையைக் கலக்கிவிட்டால் அதே ஓடு வெறும் ஓடுதான். பேராசிரியர் புஸ்பரட்ணம் அவர்கள் பூநகரிப் பகுதியிலே தேடித் திரிந்து, பிராமி எழுத்துப் பொறித்த மட்கல ஓடுகளையும் பழைய நாணயங்களையும் கண்டு, 1993இல் 'பூநகரி தொல்பொருளாய்வு' என்ற நூலாக வெளியிட்டார். சந்தையில் ஒரு சதமும் பெறாத அந்த ஓடுகளாலேதான், இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்னும் இப்பக்கத்திலே எழுத்தறிந்த மக்கள் வாழ்ந்தார்கள் என்று இன்று நாம் சொல்ல முடிகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அம்பாந்தோட்டைக் கரையிலே, மிகப் பழைய கற்கருவிகள் கிடைத்த சரளைக்கல்லும் செம்மணலுமான படைகளை ஆய்வாளர்கள் 'இரணைமடுப் படிவு' என்றே அழைக்கிறார்கள். தென்கோடியிலே நம்முடைய குளத்தின் பெயர்! நமக்கோ இரணைமடு என்றால் சிறுபோகத்துக்குத் தண்ணீர் தருவார்களா என்பதுதான் கேள்வி.

இனி, குடியேற்றத்துக்கு வருகிறேன். கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுவைக் கட்டும் வேலை 1902இல் தொடங்கியது. 1905இல் யாழ்ப்பாணத்து றெயில்பாதையும் இவ்வழியே முழுமையாயிற்று. 1935இல் காணி அபிவிருத்திச் சட்டம் வந்தது. 1936இல், யாழ்ப்பாணத்திலே காணியும் தொழிலுமின்றி நெருக்குண்டவர்களுக்காகக் கிளிநொச்சிக் குடியேற்றம் தொடங்கியது. 1950களில் உருத்திரபுரம், வட்டக்கச்சி, இராமநாதபுரம் என்று அது விரிந்தது. பின்னர் மலைநாட்டிலிருந்து அடிபட்டு வந்தவர்களும் இங்கேதான் கொட்டில் போட்டார்கள். அவர்களை விட்டுவிட்டு இவ்வூர்ச் சரித்திரத்தை எழுதுவது பாதிச் சரித்திரமே. முதலில் வந்தவர்கள் யானைக்குத் தீ மூட்டி இரவெல்லாம் விழித்திருந்தார்கள். யானையைவிடக் காய்ச்சலுக்கே அதிகம் அஞ்சினார்கள். 1946இல் டி.டி.ரி. மருந்து தெளிக்கத் தொடங்கிய பிறகுதான் மலேரியா அடங்கலாயிற்று. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென்று அறிவித்தபோது, இந்த ஊரிலே யாரும் வெடி கொளுத்தவில்லை. கொளுத்தியிருக்கலாம்.

1893இல் அமெரிக்கச் சரித்திராசிரியர் பிரடெரிக் ஜாக்சன் ரேணர், எல்லைப்புறத்திற் குடியேறியதே தம் நாட்டவரின் குணத்தை உருவாக்கிற்று என்று பேசினார். கேட்க இனிமையான பேச்சு. ஆனால் அந்த எல்லைப்புறத்திலே முன்னரே வாழ்ந்தவர்களை அவர் கணக்கில் எடுத்தது மிகக் குறைவு. நாமும் அந்தப் பிழையைச் செய்கிறோம். "எங்கள் ஐயா கன்னிக்காட்டை வெட்டிக் களனியாக்கினார்" என்கிறோம். கன்னிக்காடா? வன்னியர் ஆண்ட நாடு இது. 1803இல் பண்டாரவன்னியன் ஆங்கிலேயரின் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்த நாடு. லூயிஸ் என்ற அதிகாரி 1895இல் வன்னியைப் பற்றி ஒரு தனிநூலே எழுதியிருக்கிறார். உருத்திரபுரத்துச் சிவன் கோயிலில் நீங்கள் கும்பிடும் பழைய இலிங்கத்தின் ஆவுடையாரைக் கவனித்திருக்கிறீர்களா? அது சதுரமானது. குடியேற்றத்துக்கு வெகுகாலம் முன்னரே அங்கே அடியார் கூட்டம் இருந்திருக்கிறது. நம் முன்னோர் வெட்டியது, முன்னொரு ஊரை மூடி வளர்ந்த காட்டையே.

நம் ஊரையும் அப்படிக் காடு மூடிவிடக் கூடாதென்பதே என் கவலை. 1996இலும் 2008ஆம் ஆண்டின் இறுதியிலும் ஊரோடு பெயர்ந்தோம். காணி அனுமதிப்பத்திரம், கலியாணப் படம், சங்கங்களின் கணக்குப் புத்தகம் எல்லாம் வழியிலே போயின. மீண்டு வந்தபோது கூரை போயிருந்தது. கூரையை மறுபடி போட்டுவிட்டோம். கடதாசியை எங்கே போய்த் தேடுவது? எந்தக் காணிக்கு யார் முதலில் வந்தார், எந்த மரத்தடியிலே முதற்பள்ளி நடந்தது, பத்தாம் வாய்க்கால் என்று எண்ணாலேயே ஊரைச் சொன்னது ஏன் என்பவையெல்லாம் இன்று சிலருடைய நினைவிலே மாத்திரம் இருக்கின்றன. 1936இல் வந்தவர்கள் போய்விட்டார்கள். 1950களிலே தகப்பனாரின் மாட்டுவண்டியில், பானை சட்டிகளுக்கு நடுவே சிறுபிள்ளையாக இருந்து வந்தவர்களுக்கு இப்பொழுது எண்பது வயது நெருங்குகிறது.

அப்படி வந்த அப்பு ஒருவர் இதோ முன் வாங்கில் இருக்கிறார். பெயர் சொன்னாற் கோபிப்பார். கூட்டம் முடிந்ததும் தேநீருக்கு ஓடாமல், ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு அவரிடம் போங்கள். கைபேசியிலே குரலைப் பதிவு செய்தாலும் நன்று. முதலில் அவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். வண்டி எந்தப் பாதையால் வந்தது என்று தொடங்குங்கள். காது சற்று மந்தம். உரத்துக் கேட்க வேண்டும்.