வத்தாளங்கிழங்குப் பை

(சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வுகளை முன்னிட்டு, கல்லூரியின் மனையியல் கூடத்தில் உணவுச்சாலைக் குழுவினர் நடத்திய செயன்முறை விளக்கத்தின்போது ஆற்றிய உரை)



அறிவித்தற் பலகையில் 'பை செய்யும் முறை' என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு இரண்டு அக்காமார் தையற் பெட்டியோடு வந்திருக்கிறார்கள். இது தைக்கும் பை அல்ல. மாவைத் தட்டி அடியில் இட்டு, மேலே இனிப்பு வார்த்து, போறணையில் வேகவைக்கும் பை. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கறுப்பின மக்களின் வீடுகளில் விசேட நாட்களுக்குச் செய்வது. வந்தவர்கள் இருந்துவிட்டே போங்கள்.

நூற்றாண்டுக் கண்காட்சியின் உணவுச்சாலையில் இம்முறை இதைத்தான் முதன்மையாக விற்கப்போகிறோம். வரும் பணம் முழுவதும் காலையுணவு நிதிக்குச் செல்லும். அந்த நிதி எப்படித் தொடங்கியது என்பது இங்குள்ள பலருக்குத் தெரியும். 2022இல் எரிவாயுவும் பால்மாவும் கிடைக்காமல் நாடே வரிசையில் நின்ற நாட்களில், காலைக் கூட்டத்தில் பிள்ளைகள் மயங்கி விழத் தொடங்கினார்கள். அப்போது தொடங்கியதை இன்னும் நிறுத்த முடியவில்லை. வரிசைகள் போய்விட்டன. வெறும் தேநீரோடு பள்ளிக்கு வரும் பிள்ளை போய்விடவில்லை.

வெளிநாட்டுக் கிளைகளிலிருந்து எங்களுக்கு ஒரு கேள்வி வந்தது. "ஏன் மினக்கெடுகிறீர்கள்? காசு அனுப்புகிறோம், கடையில் வாங்கி வையுங்கள்." அன்போடு கேட்டது, மனத்தாங்கல் ஒன்றுமில்லை. காசை அனுப்புங்கள், வாங்கிக்கொள்கிறோம். ஆனால் பையை நாங்களே செய்கிறோம். ஏன் என்பதைச் சொல்வதற்கு முன், ஒரு பெண்கள் பாடசாலையின் கதையைச் சொல்ல வேண்டும்.

மேரி மெக்லவுட் பெத்தூன் 1875இல் தென் கரோலினாவில் பிறந்தவர். பெற்றோர் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். பதினேழு பிள்ளைகளில் அவர் பதினைந்தாவது. பருத்தி பொறுக்கிய சிறுமி, மைல் கணக்காக நடந்து பள்ளிக்கூடம் போனார். 1904 ஒக்ரோபரில் புளோரிடாவின் டேடோனாவில் கறுப்பினப் பெண்பிள்ளைகளுக்காக ஒரு பாடசாலையைத் தொடங்கியபோது அவர் கையிலிருந்தது ஒன்றரை டொலர். மாணவிகள் ஐந்து பேர், கூடவே அவருடைய சின்ன மகன். பழைய மரப்பெட்டிகள்தான் மேசை. கரிக்கட்டைதான் பென்சில். பழச்சாற்றைப் பிழிந்து மையாக்கினார்கள்.

அந்தப் பாடசாலை நடப்பதற்கு வத்தாளங்கிழங்குப் பை விற்றார்கள். பிள்ளைகளும் அவருமாகச் சுட்டு, கட்டட வேலை, புகையிரதப் பாதை வேலை செய்யும் தொழிலாளர்களிடம் கொண்டுபோய் விற்றார்கள். பின்னர் பாடசாலைக்கு நிலம் வேண்டியபோது, ஊரார் குப்பை கொட்டிய ஓர் இடத்தை விலை பேசினார். முற்பணம் ஐந்து டொலர். அதையும் பையும் ஐஸ்கிறீமும் விற்றுச் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்ததாக அவரே பிற்காலத்தில் கூறியிருக்கிறார்.

கிழங்கும் மாவும் மட்டும் ஒரு பாடசாலையைக் கட்டிவிட்டன என்று நாங்கள் சொல்ல வரவில்லை. பெத்தூன் அம்மையார் கூச்சப்படாமல் வீடு வீடாகப் போய்க் கேட்டவர். சவர்க்கார வியாபாரத்தில் பெரும் பணம் சேர்த்த ஜேம்ஸ் கேம்பிள் போன்ற செல்வந்தர்களைப் பிடித்துப் பாடசாலையின் அறங்காவலராக்கியவர். பெரிய பணம் அங்கிருந்துதான் வந்தது. ஆனால் அந்தப் பிள்ளைகள் தங்கள் பாடசாலைக்குத் தாங்களே உழைத்தார்கள். 1923இல் அது வேறொரு கல்வி நிறுவனத்தோடு இணைந்தது. இன்று பல்கலைக்கழகமாக இருக்கிறது. பெத்தூன் அம்மையார் ஜனாதிபதி ரூஸ்வெல்டின் ஆலோசகர்களில் ஒருவராக இருந்து 1955இல் மறைந்தார். 2022இல், இங்கே நாம் எரிவாயுக்கு நின்ற அதே ஜூலை மாதத்தில், அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் புளோரிடாவின் சார்பில் அவருடைய சிலை வைக்கப்பட்டது.

கடையில் வாங்கி வைத்தால் இலாபத்தில் பெரும்பங்கு கடைக்குப் போகும். அது ஒரு காரணம். மற்றது, பின்வரிசையில் நிற்கும் பிள்ளைகள். அடுத்த வருடம் நாங்கள் யாரும் இல்லாமலே இந்தப் போறணையை மூட்டி, கணக்கெழுதி, நாற்பது பை சுட்டு விற்க அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, கிழங்குக்கு வருவோம்.

நாம் வத்தாளை என்கிறோம், இந்தியாவிலிருந்து வாசிப்போர் சர்க்கரைவள்ளி என்பார்கள். ரொறன்ரோவில் இருப்பவர்கள் கவனியுங்கள்: அங்குள்ள கடைகளில் செம்மஞ்சள் நிறக் கிழங்குக்கு 'யாம்' என்று பெயர் ஒட்டியிருப்பார்கள். அது உண்மையில் வத்தாளைதான். உண்மையான யாம் என்பது நம் வள்ளிக்கிழங்கின் உறவு. மேற்கு ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்கள் தங்கள் ஊர் யாமைப் பழகியவர்கள். புது நாட்டில் கிடைத்த இந்தக் கிழங்கில் அதைக் கண்டுகொண்டார்கள். எசமானர் வீட்டுச் சமையலறையில் ஆங்கிலேயரின் பை செய்முறை இருந்தது. இரண்டும் அவர்கள் கையில் சேர்ந்தன.

நாங்கள் பின்பற்றும் செய்முறையின் அடிப்படை மிகப் பழையது. அபி பிஷர் என்ற அம்மையார் அடிமைத்தனத்தில் பிறந்தவர், பின்னர் சன் பிரான்சிஸ்கோவில் குடியேறிச் சமையலில் பேர் எடுத்தவர். அவருடைய சமையற் புத்தகம் 1881இல் வெளிவந்தது. அவருக்கு எழுதவோ வாசிக்கவோ தெரியாது. அவர் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதினார்கள், பெண்களின் கூட்டுறவு அச்சகம் ஒன்று அச்சிட்டது. அவருடைய பையில் கறுவாவும் இல்லை, சாதிக்காயும் இல்லை. ஒரு தோடம்பழத்தின் சாறும் பாதித் தோலின் துருவலும்தான் வாசனை. நாங்கள் தோடம்பழத்தை வைத்துக்கொண்டு நமது வாசனைகளையும் கொஞ்சம் சேர்க்கிறோம். கறுவாவை நமது நாட்டிலேயே வாங்குங்கள், மெல்லிய பட்டை சுருள் சுருளாக இருக்கும். அமெரிக்கக் கடைகளில் பெரும்பாலும் விற்பது காசியா என்ற தடித்த பட்டை. அதன் காரம் தோடம்பழத்தை அமுக்கிவிடும்.

ஒன்பது அங்குல ஆழமான தட்டு ஒன்றுக்கு அரைக் கிலோ கிழங்கு. அதை அவிக்காதீர்கள், தோலோடு சுடுங்கள். அடுப்புச் சாம்பலில் அம்மம்மா சுட்டுத் தந்த கிழங்கு அவித்த கிழங்கைவிட ஏன் இனித்தது என்று எப்போதாவது யோசித்ததுண்டா? கிழங்கு மெல்ல மெல்லச் சூடேறும்போது அதிலுள்ள நொதியம் மாப்பொருளை மோல்ற்றோஸ் என்ற சீனியாக மாற்றுகிறது. கிழங்கின் உள்ளே ஏறக்குறைய 60 முதல் 75 பாகை வரை அந்த வேலை நன்றாக நடக்கும். கொதிநீரில் துண்டுகளாகப் போட்டால் அந்தக் கட்டத்தை விரைவில் தாண்டிவிடும். அதோடு கிழங்கு தண்ணீரையும் குடித்துவிடும், பை இளகிப்போகும். ஆகவே 180 பாகை செல்சியஸில் ஒரு மணித்தியாலம், பருத்த கிழங்கென்றால் இன்னும் கால் மணி. தோலில் பாகு கசிந்து கருகினால் வெந்துவிட்டது என்று அர்த்தம். சூட்டோடு உரித்து, அரிதட்டில் தேய்த்து வடித்துக்கொள்ளுங்கள். நார் தட்டில் நின்றுவிடும். பிஷர் அம்மையாரும் இதைத்தான் சொன்னார். மிக்ஸியில் அடித்தால் பசையாகிவிடும்.

இனி மா. கோதுமை மா 175 கிராம், உப்பு கால் தேக்கரண்டி, குளிர்ந்த பட்டர் 90 கிராம். பட்டரை விரல் நுனியால் மாவில் உதிர்க்க வேண்டும். உள்ளங்கை படக்கூடாது, அது சூடு. பயறளவுத் துண்டுகள் அங்குமிங்கும் தெரிந்தால் போதும். போறணையில் அந்தத் துண்டுகள் உருகி, பட்டரிலுள்ள நீர் ஆவியாகி மாவைப் படை படையாகப் பிரிக்கும். நமது வெயிலில் பட்டர் போறணைக்குப் போகுமுன்பே உருகிவிடும் என்பதுதான் சிக்கல். ஆகவே இந்த வேலையை விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள். மாவையும் கிண்ணத்தையும்கூட முதல்நாள் இரவே குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடலாம். ஐஸ்தண்ணீர் மூன்று மேசைக்கரண்டி, கரண்டி கரண்டியாக. ரொட்டிக்குக் குழைப்பதுபோல அடித்துக் குழைக்கும் பழக்கம் நம் எல்லோருடைய கையிலும் ஊறியிருக்கிறது. இங்கே அது ஆகாது. சேர்ந்து நின்றால் போதும், விட்டுவிடுங்கள். துணியால் மூடி அரை மணி குளிரில் வைத்து, பிறகு உருட்டித் தட்டில் இடுங்கள். பட்டரில் பாதிக்கு மாஜரீன் போடலாமா என்று பொருளாளர் கேட்கிறார். போடலாம், மணம் குறையும். முழுவதும் மாஜரீன் என்றால் எங்களுக்குச் சம்மதமில்லை.

தட்டில் இட்ட மாவை முள்ளுக்கரண்டியால் குத்தி, மேலே கடதாசி விரித்து, அதன்மேல் காய்ந்த கடலையைப் பரப்பி, 200 பாகையில் கால் மணி நேரம் வெறுமையாகச் சுட வேண்டும். கடதாசியை எடுத்துவிட்டு இன்னும் ஐந்து நிமிடம். இதைத் தவிர்த்தால் அடி பச்சையாக இருக்கும். அந்தக் கடலையை எறியாதீர்கள், அடுத்த பைக்கும் உதவும். சமைக்க மட்டும் உதவாது.

மசித்த கிழங்கு சூடாக இருக்கும்போதே 50 கிராம் பட்டரைக் கலந்துவிடுங்கள். சீனி 120 கிராம், மூன்று முட்டை, பால் 150 மில்லிலீற்றர், அரைத் தோடம்பழச் சாறு, துருவிய தோல், கறுவாத் தூள் அரைத் தேக்கரண்டி, துருவிய சாதிக்காய் கால் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. அங்கே தகரத்தில் அடைத்த சுண்டிய பால் விடுவார்கள். இங்கே தேங்காயின் முதற்பால் விட்டுப் பார்த்தோம். எங்கள் நாக்குக்கு அதுவே மேல். சீனியில் பாதிக்குப் பனங்கட்டியைத் தூளாக்கிப் போடலாம், நிறம் கறுக்கும், சுவை ஏறும். நமது வெள்ளைச் சதைக் கிழங்கு செம்மஞ்சள் கிழங்கைவிட மாத்தன்மை கூடியது, பாலை இழுக்கும். கலவை தோசைமாப் பதத்துக்கு வரும்வரை இன்னும் இரண்டு மூன்று கரண்டி பால் விடுங்கள். வெளிநாட்டுக் கிழங்கில் செய்பவர்கள் விட வேண்டாம்.

வார்த்து, 180 பாகையில் நாற்பத்தைந்து முதல் ஐம்பது நிமிடம். இது உள்ளே ஒரு கஸ்ரட் என்பதை மறக்கக்கூடாது. முட்டைதான் இதைக் கட்டிப் பிடிக்கிறது. ஓரம் இறுகி, தட்டை அசைத்தால் நடுவில் மட்டும் ஒரு சிறு நடுக்கம் தெரியும்போது எடுத்துவிட வேண்டும். மிச்சத்தைத் தன் சூட்டிலேயே அது முடித்துக்கொள்ளும். நடுவும் இறுகட்டும் என்று காத்திருந்தால் மேலே வெடிக்கும், உள்ளே திரையும்.

போறணை இல்லையே என்று முன்வரிசையில் ஒரு குரல். அக்கா, 1990இல் குடாநாட்டில் மின்சாரம் நின்றுபோன பிறகு எத்தனை வீட்டில் பிறந்தநாள் கேக் சுட்டார்கள்! பெரிய சட்டியில் மணல் பரப்பி, நடுவில் தட்டை வைத்து, மூடியின்மேல் சிரட்டைக்கரித் தணல் போட்டார்கள். அதே முறையில் இந்தப் பையும் வேகும், நாங்கள் செய்து பார்த்தோம். தணலை மேலே கூடுதலாகவும் கீழே குறைவாகவும் வைக்க வேண்டும். நேரத்தை மணிக்கூட்டில் பார்க்காமல் அந்த நடுக்கத்தில் பாருங்கள்.

விற்பனைக்கு ஒரு கண்டிப்பு. முட்டையும் பாலும் உள்ள பண்டம் இது. முதல்நாள் சுட்டு, முழுதாக ஆறவிட்டு, இரவு குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். மேசைக்கு வந்தபின் இரண்டு மணித்தியாலத்துக்குமேல் வெளியில் இருக்கக்கூடாது. ஆகவே ஐந்தைந்தாகத்தான் வெளியே எடுப்போம். எட்டுத் துண்டாக வெட்டுங்கள், ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைச் சுடுநீரில் தோய்த்துத் துடைத்தால் துண்டு சுத்தமாக வரும்.

கண்காட்சிக்கு முதல்நாள் வெள்ளிக்கிழமை காலை ஐந்து மணிக்கு இந்தக் கூடம் திறந்திருக்கும். பட்டரும் சீனியும் சங்கத்தின் பொறுப்பு. கிழங்கு வீட்டுத் தோட்டத்தில் உள்ளவர்கள் கொண்டுவந்தால் நல்லது, வியாழனே கொடுத்துவிட்டால் இரவு சுட்டு வைக்கலாம். ஒன்பது அங்குலத் தட்டு ஆளுக்கொன்று கொண்டுவாருங்கள், அடியில் பெயரை எழுதி ஒட்டிக்கொண்டு. சென்ற விற்பனையில் மிஞ்சிய நான்கு தட்டுகள் அந்த அலுமாரியில் இன்னும் உரிமைக்காரரைத் தேடிக்கொண்டிருக்கின்றன.