இரு கையாலும் டெனிஸ்



அருச்சுனனுக்குச் சவ்வியசாசி என்றொரு பெயருண்டு. வலக்கையைப் போலவே இடக்கையாலும் அம்பு தொடுக்க வல்லவன் என்பது அதன் பொருள். டெனிஸ் ஆட்டத்திலும் சவ்வியசாசிகள் சிலர் தோன்றியுள்ளனர். அவர்கள் தொகை ஏன் இத்துணைச் சிறியது என்பதே இன்றைய எனது பேச்சு.

மட்டையை இரு கைகளாலும் சேர்த்துப் பிடித்து அடிப்பதை நான் கூறவில்லை. அஃது இன்று எங்கும் காணப்படுவது. வலப்புறம் வரும் பந்தை வலக்கையாலும், இடப்புறம் வரும் பந்தை மட்டையைக் கைமாற்றி இடக்கையாலும் அடிப்பதையே கூறுகின்றேன். இவ்வாறு ஆடுவோருக்குப் புறங்கை அடி என்பதே கிடையாது. விதிகளும் இதனைத் தடுக்கவில்லை. இத்தாலியரான ஜியோர்ஜியோ டி ஸ்டெபானி இம்முறையில் ஆடி, 1932 இல் பிரெஞ்சுப் போட்டியின் இறுதியாட்டத்தை அடைந்தார். அமெரிக்கரான பெவர்லி பேக்கர் பிளைட்ஸ் அம்மையார் 1955 இல் விம்பிள்டன் இறுதியாட்டத்தில் நின்றார். இருவரும் இறுதியில் தோற்றனர் என்பது உண்மையே. ஆயினும் அவ்வளவு தூரம் சென்றோர் எத்தனை பேர்?

இடர்ப்பாடு கையின் வலிமையில் இல்லை, காலத்தில் இருக்கின்றது. மட்டை கைமாறுவதற்கு ஒரு கணம் வேண்டும். வலையருகே நிற்பவனுக்கு அக்கணம் கிடைப்பதில்லை. நெஞ்சுக்கு நேரே விரைந்து வரும் பந்து அதனினும் பொல்லாதது: எந்தக் கை என்று எண்ணி முடிப்பதற்குள் பந்து கடந்துவிடும்.

கற்க விரும்புவோர் முதலில் மட்டையையே தொடவேண்டாம். பழகாத கையாற் பந்தை எறிந்து பழகுக. தோளும் இடுப்பும் அந்தப் பக்கம் திரும்பக் கற்றபின், மட்டையின் கழுத்தை அண்டிப் பிடித்துச் சுவரில் மெதுவாக அடிக்கலாம். கால்வைப்பும் தலைகீழாக மாறும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். சேர்வ் அடிப்பதைக் கடைசிக்கு விடுக.

இனி, ஆசிரியன் என்ற முறையில் ஒரு சொல். இடக்கைப் பிள்ளையை வலக்கைக்கு மாற்றுவோர், மொரீன் கொனொலியையும் கென் ரோஸ்வாலையும் சான்று காட்டுவர். இருவரும் பிறவியில் இடக்கையர். வலக்கையால் ஆடப் பயிற்றப்பட்டவர்கள். கொனொலி 1953 இல் நான்கு பெரும் பட்டங்களையும் ஒரே ஆண்டில் வென்றார். மெய்தான். ஆனால், மாற்றப்பட்டு மனம் உடைந்து மட்டையை எறிந்துவிட்ட பிள்ளைகளின் பெயரை எந்த ஏடு குறித்து வைத்தது? ஒரு காலத்தில் எங்கள் நாணயங்களிலும் முத்திரைகளிலும் தலை பொறிக்கப்பெற்றிருந்த ஆறாம் ஜோர்ஜ் மன்னரை எண்ணிப் பாருங்கள். இளமையில் அவரை வற்புறுத்தி வலக்கையால் எழுத வைத்தனர். அவரோ 1926 இல், யோர்க் கோமகனாக விம்பிள்டன் இரட்டையர் ஆட்டத்தில் இறங்கியபோது, மட்டையை இடக்கையிலேயே பிடித்தார். முதற்சுற்றிலேயே தோற்றார், அது வேறு கதை.

புதிதாக வரும் பிள்ளையிடம் நான் மட்டையை நீட்டுவதில்லை. தரையில் வைத்துவிடுவேன். எந்தக் கை அதனை எடுக்கின்றதோ, அந்தக் கைக்கே முதலாண்டுப் பயிற்சி. மற்றக் கைக்குப் பந்தெறிதல் மாத்திரம், அதுவும் பிள்ளை விரும்பினால்.