யார் விட்ட புகை, யார் தலையில் வரி?

(சீரங்கத்தில் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



காவிரிக்கு அந்தப் பக்கம், திருச்சி விமான நிலையத்தில் 2024 ஜனவரியில் புது முனையம் திறந்தார்கள். சீரங்கம் கோபுரத்தின் சாயலில் கட்டியிருக்கிறார்கள். கோபுரத்தைக் கண்டாலே 'உள்ளே யார், வெளியே யார்' என்று கேட்டுப் பழகியவர்கள் நாம். இந்த வாசலிலும் அதையேதான் கேட்கிறேன்.

எங்க அண்ணன் சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்தவர். வட்டிக்கு வாங்கித்தான் டிக்கெட் எடுத்தார். ரெண்டு வருசத்துக்கு ஒருமுறை வருவார். அம்மா செத்ததுக்கு வர முடியல. அன்றைக்கு டிக்கெட் விலை அப்படி.

விமானம் எரிக்கும் ஒவ்வொரு கிலோ எரிபொருளுக்கும் மூன்று கிலோவுக்கு மேல் கரியமில வாயு வெளியேறுகிறது. அந்தப் புகைக்கு விலை வைப்பதுதான் 'கார்பன் விலை'. ஐ.நா.வின் சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு 2016-ல் 'கோர்சியா' என்றொரு திட்டத்தை ஏற்றது. சர்வதேச விமானங்கள் 2019-ல் விட்ட புகையில் 85 விழுக்காட்டைத் தாண்டினால், தாண்டிய பங்குக்கு நிறுவனங்கள் ஈட்டுச் சான்றுகள் வாங்க வேண்டும். 2027-லிருந்து இந்தியாவும் இதற்குள் வருகிறது. முதலாளி கைக்காசா போடுவான்? டிக்கெட்டில்தான் ஏற்றுவான்.

விலையே கூடாது என்று நான் சொல்லவில்லை. வெயில் ஏறினால் முதலில் சுருண்டு விழுவது வயலில் நிற்கும் நம்ம சனம்தான். யார் கொடுப்பது என்பதுதான் கேள்வி. 2018-ல் உலகில் நூற்றுக்குப் பதினோரு பேர்தான் விமானம் ஏறினார்கள். பயணிகள் விமானப் புகையில் பாதி, வெறும் 1 விழுக்காட்டு மக்களால் வந்தது. 2020-ல் வெளிவந்த ஆய்வு சொல்லும் கணக்கு இது.

சிங்கப்பூர் அரசு, மாசு குறைந்த விமான எரிபொருள் வாங்குவதற்கென்று 2025-ல் ஒரு கட்டணம் அறிவித்தது. அங்கிருந்து தெற்காசியாவுக்கு, சாதாரண இருக்கைக்கு 2.80 வெள்ளி, உயர்வகுப்பு இருக்கைக்கு நான்கு மடங்கு. கால் நீட்டிப் படுத்து வருகிறவர் அதிக இடம் அடைக்கிறார், அதிகம் கொடுக்கட்டும். இது நியாயம். ஆனால் பாதி நியாயம். வாரம் தவறாமல் பறக்கிறவருக்கும் ரெண்டு வருசத்துக்கு ஒருமுறை வீடு திரும்புகிறவருக்கும் அதே இருக்கை, அதே கட்டணம்!

நாம் கேட்க வேண்டியது இது: ஆண்டில் ஒருமுறை ஊருக்கு வந்து போகிறவருக்கு வரி வேண்டாம். அதற்கு மேல் ஒவ்வொரு பயணத்துக்கும் ஏறிக்கொண்டே போகட்டும். கணக்கெழுதும் இடத்தில் நாம் இல்லையென்றால் நம் பேரில்தான் பற்று எழுதுவார்கள்.

எங்க அண்ணன் தன் பங்கைக் கொடுக்கத் தயார். அடுத்தவர் புகைக்கு அவர் ஏன் கொடுக்க வேண்டும்?