ஒரு தாள், பல பெயர்கள்



தாவரச் சேகரிப்புக்குத் தரவுத்தளம் அமைப்பதில் மொழியியலானுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். புக்கிட் தெங்காவில் மழைக்குப் பின் சுவரோரம் தானே முளைக்கும் கீழாநெல்லியை எடுத்துக்கொள்வோம். இலைகளின் கீழே காய்கள் வரிசையாகத் தொங்குவதால் இப்பெயர். மலாயில் இதற்கு டுக்குங் அனாக் என்று பெயர். குழந்தையைச் சுமத்தல் என்பது பொருள். இரு மொழியாரும் ஒரே காட்சியைக் கண்டிருக்கின்றனர்.

நெடுங்காலம் இந்திய நூல்கள் இதனை ஃபிலாந்தஸ் நிரூரி என்றே குறித்தன. பின்னர் நுணுகி ஆய்ந்தோர், அவற்றுள் பல ஃபிலாந்தஸ் அமாரஸ் என்னும் வேறு இனம் எனக் கண்டனர். பழைய பெயரை அழித்துப் புதியதை எழுதினால் பழைய நூலுக்கும் உலர்தாவரத் தாளுக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடும். ஆதலால் இனங்காணலுக்குத் தனி அட்டவணை வேண்டும்: என்ன பெயர், யார் கண்டது, எந்த ஆண்டு. ஒரு தாளுக்குப் பத்து இனங்காணல்கள் இருந்தாலும் குற்றமில்லை.

ஊர்ப்பெயரும் அவ்வாறே. 1884-இல் சார்லஸ் கர்ட்டிஸ் பொறுப்பேற்ற பினாங்குத் தாவரவியல் பூங்காவின் வட்டாரத்தை நாம் தண்ணீர்மலை என்கிறோம். ஆங்கிலேயர் அருவியின் பெயரால் அழைத்தனர். இன்றைய செபராங் பிறை அன்று வெல்லஸ்லி மாநிலம். சீட்டில் உள்ளதை உள்ளவாறே ஒரு புலத்திலும், இன்றைய பெயரை மற்றொரு புலத்திலும் இட வேண்டும். 2009-இல் தரமாக ஏற்கப்பட்ட டார்வின் கோர் இவ்விரண்டுக்கும் தனித்தனி இடம் தருகிறது.

என்னை மிகவும் ஈர்ப்பது வழக்குப்பெயர்ப் புலம். கொச்சியில் டச்சு ஆளுநராயிருந்த வான் ரீட் தொகுத்த ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரு தொகுதிகளாக வெளிவந்தது. அதில் கீழாநெல்லி உரோமன் எழுத்தில் 'கிர்கனெலி' ஆயிற்று; ழகரம் ரகரமாகிவிட்டது. அச்சிதைவிலிருந்தே பிற்காலத்தில் கிர்கனெலியா என்னும் பேரினப் பெயரும் பிறந்தது. ஆயினும் அந்நூலின் படங்களில் மலையாள எழுத்திலும் பெயர்கள் பொறிக்கப்பட்டதால், உரோமன் எழுத்து சிதைத்த ஒலிகளை இன்றும் மீட்க முடிகிறது. நம் தரவுத்தளத்தில் தமிழ்ப்பெயரை உரோமனில் மட்டும் இட்டால் ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிவிடும். மீட்கச் சான்றும் இராது.

என் குறையையும் சொல்லிவிடுகிறேன். இளமையில் ரப்பர் தோட்டங்களில் மூலிகைப்பெயர்கள் கேட்டு ஒரு குறிப்பேடு நிரப்பினேன். பெயர் இருக்கிறது, செடியின் கிளை இல்லை, சொன்னவர் ஊர் இல்லை. சில பெயர்கள் எச்செடியைக் குறித்தன என்று இன்று எனக்கே தெரியவில்லை. அத்தோட்டங்கள் கலைந்தன; சொன்னவர்களும் மறைந்தனர்.

ஆகவே புலங்களின் பட்டியலோடு விளக்கக் கையேடும் எழுதுங்கள். வெற்றிடம் என்றால் 'பெயர் இல்லை' என்பதா, 'கேட்கவில்லை' என்பதா? இரண்டும் வேறு; முதலாவது ஒரு செய்தி, இரண்டாவது மிச்சமிருக்கும் வேலை. அடுத்த விடுமுறையில் பாட்டியிடம் பெயர் கேட்கும் மாணவர், அவர் வளர்ந்த தோட்டத்தையும் கேட்ட நாளையும் சேர்த்தெழுதி, கிளையொன்றை நாளிதழுக்கிடையே அழுத்தி உலர்த்தி, இரண்டிலும் ஒரே எண்ணை இடட்டும்.