ஜனதாவா, க்ரோனோகிராஃபா?

முதல் சம்பளத்தில் வாட்ச் வாங்க நம்ம திருநகரிலிருந்து மதுரை டவுனுக்குப் பஸ் ஏறுகிறவர்களுக்கு இன்று ஒரு தகவல்.

தாத்தா காலத்து மெலிசான வாட்ச் வேண்டுமென்றால் முதலில் ஞாபகம் வருவது எச்.எம்.டி. ஜனதா. ஜப்பானின் சிட்டிசன் கம்பெனி கைகொடுக்க, 1961-ல் பெங்களூரில் எச்.எம்.டி. வாட்ச் தயாரிப்பைத் தொடங்கியது. ஜனதாவுக்குப் பேட்டரி கிடையாது. காலையில் சாவி கொடுத்தால் மறுநாள் காலை வரை ஓடும். முழுக்கைச் சட்டைக்குள் சத்தமில்லாமல் நுழைந்துகொள்ளும். 2016-ல் மத்திய அரசு எச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூட முடிவெடுத்தபின் பழசுக்குக் கிராக்கி. பழசு வாங்கும்போது டயலை லென்ஸ் வைத்துப் பாருங்கள். எழுத்து பிசிறடித்து, விநாடிக் கோடுகள் கோணலாக இருந்தால் மறு பெயிண்ட் அடித்த சரக்கு.

அடுத்தது முரட்டு க்ரோனோகிராஃப், அதாவது ஸ்டாப்வாட்ச் உள்ள வாட்ச். மேல் பட்டன் முள்ளை ஓடவும் நிற்கவும் வைக்கும். கீழ்ப் பட்டன் பூஜ்யத்துக்குக் கொண்டுவரும். சிலவற்றின் விளிம்பில் வேகக் கணக்கும் இருக்கும். பஸ் ஒரு கிலோமீட்டரை 45 விநாடியில் கடந்தால் முள் 80-ஐக் காட்டும். வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். வாங்குகிறவர்களில் பாதிப் பேர் அந்தப் பட்டன்களை ஒரு வாரத்துக்குமேல் தொடுவதில்லை என்பது என் சந்தேகம்.

ஆபீஸ் வேலைக்கு என் ஓட்டு ஜனதாவுக்கே. ஆனால் நம்ம ஊர் வேர்வைக்குத் தோல் பட்டை தாங்காது. ஸ்டீல் பட்டை போடுங்கள். பைக்கும் மழையுமாக அலைகிறவர்களுக்கு முரடுதான் சரி. அதிலும் '30 மீட்டர்' என்று போட்டிருந்தால் கை கழுவலாம், நீச்சலடிக்கக் கூடாது. கிணற்றில் குதிக்கிறவர்கள் 100 மீட்டர் கேட்டு வாங்குங்கள்.