பெண்களும் பந்தாட்ட உத்தியோகமும்

(அத்திப்பட்டில் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் பேசியது)



நான் இன்று பேசப்போவது பந்தாட்டத்தைப் பற்றி என்று தலைவர் சொன்னவுடன் முன்வரிசையிலுள்ள பெரியவர்கள் சிலர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக் கொண்டார்கள். அனல் மின் நிலையத்திலும் துறைமுகத்திலும் ஷிப்டு முடித்து, சட்டையில் ஒட்டிய சாம்பலைக்கூடத் தட்டாமல் வந்து உட்கார்ந்திருக்கும் உங்களிடம், அமெரிக்காவில் ஓர் அம்மாள் காலேஜ் பெண்களுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்த கதையை ஏன் சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். அதில் சம்பளம் வருகிறது, உத்தியோகம் வருகிறது, வேலைப் பங்கீடு வருகிறது. ஆதலால் உங்களுக்கு விளங்காமற் போகாது.

முதலில் என் யோக்கியதையைச் சொல்லிவிடுகிறேன். என் தங்கை பள்ளிக்கூடத்தில் நன்றாகப் பந்தாடுவாள். அவள் பெரியவளான மாதமே, “ஓடினால் கர்ப்பப்பை இறங்கிவிடும்” என்று பக்கத்து வீட்டுக் கிழவி சொன்னாள். என் தாயார் அதை நம்பினார். மேடைமேல் பகுத்தறிவு பேசிக்கொண்டிருந்த நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதே தங்கை மறுநாள் காலையில் இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாக இரண்டு குடம் தண்ணீரைக் கால் மைல் தூரத்திலிருந்து தூக்கி வந்தாள். அப்போது அவளுடைய கர்ப்பப்பையைப் பற்றி எங்களில் ஒருவருக்கும் கவலை உண்டாகவில்லை.

இந்தப் பைத்தியக்காரத்தனம் நமக்கு மாத்திரம் சொந்தமென்று நினைத்துவிடாதீர்கள். கூடைப்பந்து என்பது 1891-ம் வருஷம் டிசம்பரில் அமெரிக்காவில் ஸ்பிரிங்பீல்டு என்ற ஊரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற உபாத்தியாயர், பழம் வைக்கும் கூடைகளை உயரத்தில் மாட்டி உண்டாக்கிய ஆட்டம். அடுத்த வருஷமே பக்கத்திலிருந்த ஸ்மித் காலேஜில் சென்டா பெரன்சன் என்ற அம்மாள் அதைப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். 1893 மார்ச்சில் அந்தப் பெண்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து ஆடினபோது ஆண்களை உள்ளே விடவில்லை. பெண்கள் அதிகமாக ஓடினால் கெட்டுப்போவார்கள் என்று ஊரார் கூச்சலிடுவார்களே என்பதற்காக, அந்த அம்மாள் ஆடுகளத்தை மூன்று பாகமாகக் கோடு கிழித்து, ஒரு பாகத்துப் பெண் அடுத்த பாகத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்று விதி செய்தார். அவரை நான் குற்றம் சொல்லமாட்டேன். அந்தக் கோடும் இல்லாவிட்டால் ஆட்டமே நின்றிருக்கும். ஆனால் தற்காப்புக்காகக் கிழித்த கோடு பிற்பாடு சாஸ்திரமாகிவிட்டது. டென்னஸி மாகாணத்துப் பள்ளிக்கூடங்களில் 1979 வரையில் பெண்கள் பாதிக் களத்துக்கு மேல் ஓடக்கூடாதென்றே விதி இருந்தது. மனிதன் சந்திரனில் நடந்துவிட்டு வந்து பத்து வருஷமாகியும், அந்தச் சீமையில் ஒரு பெண் நடுக்கோட்டைத் தாண்ட முடியவில்லை!

நான் சொல்லவந்த பாட் சம்மிட் அம்மாள் அதே டென்னஸியில் 1952-ல் ஒரு குடியானவர் வீட்டில் பிறந்தவர். தகப்பனார் பெயர் ரிச்சர்ட் ஹெட். அண்ணன்மாரோடு வைக்கோலும் ஏற்றி, பந்தும் ஆடி வளர்ந்தவர். மேல்பள்ளிக்குப் போகும் வயதில், கிளார்க்ஸ்வில் என்ற அவ்வூர்ப் பள்ளியில் பெண்களுக்குக் கூடைப்பந்துக் கோஷ்டி இல்லை. தகப்பனார் என்ன செய்தார் தெரியுமா? கோஷ்டி உள்ள பள்ளிக்குப் பெண் போக வேண்டுமென்று குடும்பத்தோடு ஹென்ரியெட்டா என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தார். நம்மில் எத்தனை பேர் பையனுடைய படிப்புக்காக அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் வீடு மாற்றியிருக்கிறோம்! பெண்ணின் பந்தாட்டத்துக்காக வீடு மாற்றிய தகப்பன் இக்கூட்டத்தில் இருந்தால் கை தூக்கட்டும், நான் இறங்கி வந்து வணங்குகிறேன்.

பிறகு காலேஜ். சகோதரர்கள் விளையாட்டுக்கென்று கிடைத்த உபகாரச் சம்பளத்தில் படித்தார்கள். பெண்களுக்கு அப்படியொன்றும் கிடையாது. ஆகவே இவருக்குத் தகப்பனாரே பணம் கட்டினார். 1972-ல்தான் சர்க்கார் பணம் பெறும் கல்விச் சாலைகளில் ஆண் பெண் பேதம் பாராட்டக்கூடாதென்று அங்கே சட்டம் வந்தது. 1974-ல், 22 வயதில், டென்னஸி சர்வகலாசாலைப் பெண்கள் கோஷ்டிக்கு இவரே தலைமைப் பயிற்சியாளரானார். சம்பளம் மாதம் 250 டாலர். அந்தச் சம்பளத்துக்குப் பந்து கற்றுக்கொடுப்பது மாத்திரமா? பெண்களின் ஆட்ட உடுப்புகளைத் துவைப்பதும் அவரே. வெளியூர்ப் போட்டிக்கு வண்டி ஓட்டுவதும் அவரே. அந்த உடுப்புகளும் முந்தின வருஷம் பலகாரம் விற்ற காசில் வாங்கியவை.

இடையில் 1976-ல் மான்ட்ரீல் ஒலிம்பிக்கில் தாமே ஆடினார். பெண்கள் கூடைப்பந்து ஒலிம்பிக்கில் சேர்ந்தது அந்த வருஷந்தான். வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. 1984-ல் பயிற்சியாளராகப் போய்த் தங்கப் பதக்கத்தோடு திரும்பினார். 2012 வரையில் 38 பருவம் ஒரே காலேஜில் இருந்து, 1,098 ஆட்டம் ஜெயித்து, தோற்றது 208 மாத்திரம். தேசப் போட்டியில் 8 தடவை முதல் இடம். பாதிக் கள விதியை மாற்ற வேண்டுமென்று வாதாடியவர்களில் அவரும் ஒருவர்.

எனக்கு இந்தக் கணக்கைவிடப் பெரிதாகப் படுவது வேறு. அவரிடம் ஆடுகிற பெண் வகுப்பில் முதல் மூன்று வரிசைக்குள்தான் உட்கார வேண்டும். காரணமில்லாமல் ஒரு வகுப்பும் தவறக்கூடாது. அவரிடம் முழுக் காலமும் ஆடி முடித்த பெண்கள் அத்தனை பேரும் பட்டம் பெற்றார்கள். “ஆட்டம் வந்தால் படிப்புப் போய்விடும்” என்கிறவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்களோ?

1990-ல் நிறைமாதக் கர்ப்பத்தோடு, ஒரு நல்ல ஆட்டக்காரியைத் தம் காலேஜில் சேர்க்கும்படி பேச ஆகாய விமானத்தில் பென்சில்வேனியாவுக்குப் போனார். போன இடத்தில் பிரசவ வேதனை கண்டது. பேச்சை முடித்துக்கொண்டு, பிள்ளை டென்னஸியில்தான் பிறக்க வேண்டுமென்று அதே விமானத்தில் திரும்பிவந்து பெற்றார். இதை நீங்களும் செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. டாக்டர்கள் என்னை அடிக்க வருவார்கள். கர்ப்பப்பை எவ்வளவு கெட்டியானது என்று அந்தக் கிழவிக்குச் சொல்ல ஆசைப்பட்டேன், அவ்வளவே.

ஆண்கள் கோஷ்டிக்கு வாருங்கள் என்று அவரைக் கேட்டபோது மறுத்துவிட்டார். பெண்களுக்குக் கற்றுக்கொடுப்பது தாழ்ந்த படியென்றும், ஆண்களுக்குக் கற்றுக்கொடுப்பது உயர்ந்த படியென்றும் யார் வைத்தது என்பது அவருடைய கேள்வி. 2006-ல் அவருடைய வருஷ சம்பளம் பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. பெண்கள் கோஷ்டிப் பயிற்சியாளர் எவரும் அதற்குமுன் அவ்வளவு பெற்றதில்லை. 2011-ல் மறதி நோய் கண்டபோது அதை மறைக்காமல் ஊரறியச் சொல்லி, அந்தப் பருவமும் வேலை செய்தார். 2016-ல் 64-ம் வயதில் காலமானார்.

இனி சம்பளத்துக்கு வருகிறேன். 1972-ல் அமெரிக்கக் காலேஜ்களில் பெண்களின் ஆட்டக் கோஷ்டிகளை நடத்தினவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் பெண்கள். 2014-ல் அது நூற்றுக்கு 43. சட்டத்தால் பெண் விளையாட்டுக்குப் பணம் வந்தது. பணம் வந்தவுடன் உத்தியோகம் ஆணிடம் போயிற்று. துணி துவைக்கவும் வண்டி ஓட்டவும் சொன்ன நாளில் அந்த வேலைக்கு ஓர் ஆண்பிள்ளையும் மனுப் போடவில்லை! வீட்டில் சோறாக்கினால் பெண் வேலை, கல்யாண மண்டபத்தில் கூலிக்கு ஆக்கினால் ஆண் வேலை என்கிற நம்மூர் நியாயம் கடல் தாண்டியும் இருக்கிறது.

நம் நாட்டுக்கும் ஆளில்லாமலில்லை. சென்னையில் அனிதா பால்துரை என்ற அம்மாள் இந்தியப் பெண்கள் கூடைப்பந்துக் கோஷ்டிக்கு இருபது வயதுக்குள்ளாகவே தலைமை வகித்தவர். பிள்ளை பெற்ற பிறகும் திரும்ப வந்து, 2017-ல் பெங்களூரில் ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவில் ஜெயித்த கோஷ்டியில் ஆடினார். 2021-ல் பத்மஸ்ரீ பெற்றார். நீங்கள் கும்மிடிப்பூண்டிக்கும் சென்னைக்கும் ஏறிப்போகிறீர்களே, அந்த ரயிலை ஓட்டுகிற தென்னக ரயில்வேயில் உத்தியோகம் பார்த்தவர் அவர். பந்து அவருக்குச் சோறு போட்டிருக்கிறது.

ஆகவே பெற்றோர்களிடம் நான் கேட்பது இதுதான். எட்டாவது படிக்கிற பெண் சாயங்காலம் மைதானத்திலிருந்து அரைமணி தாமதமாக வந்தால், “பையன்கள் பார்க்கிற இடத்தில் உனக்கென்ன ஆட்டம்” என்று கேட்காமல், இன்றைக்கு எத்தனை கூடை போட்டாய் என்று கேளுங்கள். உங்கள் தொழிற்சங்கங்கள் ஆண்டு விழாவில் ஆண்களுக்குக் கபடிப் பந்தயமும் பெண்களுக்குக் கோலப் பந்தயமும் வைக்கின்றன. அந்தப் பட்டியலை மாற்றச் சங்கக் காரியதரிசி ஒருவருடைய கையெழுத்துப் போதும். அவர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். என்னைப் பார்க்காமல் தரையைப் பார்க்கிறார்.

என் தங்கைக்கு இப்போது ஐம்பது வயதுக்கு மேலாகிறது. அவளிடம் இதையெல்லாம் சொன்னபோது, “அன்றைக்கு ஏனண்ணா பேசவில்லை?” என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை.

இரவு ஷிப்டுக்குப் போகிறவர்கள் எழுந்திருக்கிறார்கள். பின்னால் நிற்கிற பெண் குழந்தைகள் ஏதோ கேட்க வேண்டுமென்று வெகு நேரமாகக் கை தூக்கிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களை முன்னால் விடும்படி தலைவரைக் கேட்டுக்கொண்டு உட்காருகிறேன்.