வாயிலோன் வேண்டும்

(கீழ்பென்னாத்தூரில் நடைபெற்ற நமது சங்க மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



சிலப்பதிகாரக் கதையை நீவிர் நன்கறிவீர். களவுப் பழி சுமத்தப்பெற்ற கோவலன் தக்க ஆராய்ச்சியின்றிக் கொலையுண்டான். கண்ணகி சிலம்பேந்திப் பாண்டியன் வாயிலை அடைந்தாள். ஆங்கு நின்ற வாயிலோன் அவள் வரவை அரசனுக்கு அறிவித்தான். அதனாலன்றோ வழக்கு அரசன் செவிக்கு எட்டிற்று? அவன் அறிவித்திரானேல், கையிற் சிலம்பிருந்தும் பயன் யாது?

நம் ஊர்ப்புறத்து இருளர்க்கு அத்தகைய வாயிலோன் இல்லை. செங்கற்சூளையிலும் கழனியிலும் உழைத்து வாழும் எளியர் அவர். ஊரில் ஒரு பொருள் காணாமற்போயின் முதற்கண் அவர் குடிசையையே நோக்குகின்றோம்.

என் பிழையையும் கூறுவேன். சில ஆண்டுகட்கு முன் என் வகுப்பிற் பயின்ற இருளர் சிறுவன் ஒருவன் தந்தையைக் களவு விசாரணையென்று இரவில் அழைத்துச் சென்றனர். அன்றைய இரவு அவர் சூளையில் வேலை செய்ததை யான் கண்ணாரக் கண்டவன்; எனினும் வாய்திறந்திலேன். மூன்றாம் நாள் விடுவிக்கப்பெற்றார். சிறுவனோ பள்ளிக்கு மீண்டும் வரவேயில்லை.

சட்டம் இல்லாமையன்று குறை. 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, பழங்குடியினர் எவராயினும், வருமானம் எவ்வளவாயினும், கட்டணமின்றி வழக்கறிஞரைப் பெறலாம். சாதிச் சான்று கைக்கு வராதோரும் கலங்க வேண்டுவதில்லை. பெண்டிர்க்கும், சிறார்க்கும், காவலில் வைக்கப்பெற்றோர்க்கும் அவ்வுரிமை தனியே உண்டு. 15100 என்னும் தொலைபேசி எண்ணிற் கேட்பின் வழி கூறுவர். ஆயினும் இவற்றை அவர்க்கு எடுத்துரைப்பார் யார்?

நம் சவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரே தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியிலும் வாழ்கின்றனர். 1992 ஜூன் 20ல் சந்தனமரச் சோதனையென்று அவ்வூர் சூறையாடப்பெற்றது. 18 பெண்கள் மானபங்கப்படுத்தப்பெற்றனர். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தார் உடன்நின்று வழக்கை நடத்தினர். 2011 செப்டம்பர் 29ல், அப்போது உயிருடனிருந்த 215 அரசு ஊழியரும் குற்றவாளிகளெனத் தீர்ப்பாயிற்று; 2023ல் உயர்நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. துணை இருந்தும் பத்தொன்பது ஆண்டு! துணையிலார் கதி என்னாம்?

ஆஸ்திரேலிய நாட்டு ஆதிகுடிகளும் காவலர் கெடுபிடிக்கு ஆற்றாது, 1970ல் சிட்னி நகரத்து ரெட்பெர்னில் தமக்கெனச் சட்ட உதவி நிலையம் கண்டனர். வழக்கறிஞர் பலர் ஊதியங் கருதாது அதற்கு உழைத்தனர்.

“நம் சங்கம் நம்மவர்க்கன்றோ? பிறர் வழக்கு நமக்கெதற்கு?” என வினவுவாரும் இச்சபையில் இருக்கலாம். அவர்க்கு ஒன்று கூறுவேன்: குற்றஞ்சாட்டும் வாயும் பெரும்பாலும் நம்முடையதே, சூளையும் கழனியும் நம்மவருடையனவே. பழியில் நமக்குப் பங்குண்டாயின், பரிகாரத்திற் பங்கில்லையோ?

ஆதலின் வேண்டுவது இதுவே. எழுதப் படிக்கவல்லார் இருவரை நம் சங்கம் நியமிக்க. இருளர் ஒருவரைக் காவலர் அழைத்தேகின், அவ்விருவரும் உடன்செல்க. விண்ணப்பம் எழுதிக் கொடுக்க. கண்டதைக் கண்டவாறு சாட்சி கூறுக. சட்டப்பணிக் குழுவினர் தன்னார்வலராக ஆசிரியரையும் ஏற்கின்றனர். முதற்பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று திறவாத வாயை இன்று உங்கள் முன் திறந்தேன். மற்றொரு பெயரை நீவிர் தருவீராக.